கொம்பியூட்டர் வாங்குவது மகனுக்கா, வீட்டுக்கா?

ஓ.எல். பரீட்சை முடிந்தால் போதும், எங்கள் வட்ஸ்அப்புக்கு ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "டீச்சர், மகனுக்கு ஒரு லெப்டொப் எடுக்கப் போறம். எது நல்லம்?" கேட்பவர்களில் மீன் வியாபாரம் செய்பவரும் இருக்கிறார், கட்டாரில் வேலை செய்யும் வாப்பாவும் இருக்கிறார், எங்களைப் போல மாதச் சம்பளத்தில் ஓட்டும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். நீளமான பதிவுதான். ஆனால் வீட்டின் பல மாதச் சேமிப்பு போகிற விஷயம். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தை இதற்கு ஒதுக்கினால் நட்டமில்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தக் கேள்வியில் இருக்கும் "மகனுக்கு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "வீட்டுக்கு" என்று போடுங்கள். அந்த ஒரு சொல்லை மாற்றினால் வாங்க வேண்டிய பொருள் மாறும், விலை மாறும், அதைப் பாவிக்கப் போகிறவர்களின் எண்ணிக்கையும் மாறும்.

*நாங்கள் வகுப்பில் காண்பது*

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது பாடமெல்லாம் வட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் போனது. மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு போன். அந்த போன் முதலில் யாருடைய கைக்குப் போனது என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். பல வீடுகளில் மூத்த மகனுக்கு. அவனுடைய வகுப்பு முடிந்து, அதற்குப் பிறகு அவனுடைய கேமும் முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் தங்கச்சியின் வீட்டு வேலை படமாக எங்களுக்கு வந்து சேரும். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படம். திருத்தவே கண் வலிக்கும். ஆனாலும் அந்தப் பிள்ளை அனுப்பியிருப்பாள்.

கொரோனா போய்விட்டது, அந்த வரிசை மட்டும் போகவில்லை. இன்று லெப்டொப் வாங்கும்போதும் அதே வரிசைதான். மகன் ஏ.எல். படிக்கப் போகிறான், அவனுக்கு லெப்டொப். மகள் ஏ.எல். படிக்கப் போகிறாள், அவளுக்குக் காக்காவின் பழைய போன். "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இப்ப லெப்டொப்பு, கெம்பஸ் கிடைச்சாப் பாப்பம்" என்று சொல்வார்கள். கெம்பஸ் கிடைப்பதற்குப் படிக்க வேண்டிய காலத்தில்தான் அந்தப் பொருள் தேவை என்பதை யாரும் யோசிப்பதில்லை.

லெப்டொப் வந்த வீட்டில் என்ன நடக்கிறது? அது மகனின் அறைக்குப் போகிறது, கதவு மூடிக்கொள்கிறது. உம்மாவுக்கு அதைத் தொடப் பயம். தங்கச்சி கேட்டால் சண்டை. ஒரு வருடத்தில் அவன் வெளியூருக்குப் படிக்கப் போகிறான், லெப்டொப்பும் அவனோடு போகிறது. வீட்டின் காசில் வாங்கிய பொருள் வீட்டில் இல்லை.

*"போன் இருக்கே, அது காணாதா?"*

காணாது. பாடம் பார்க்க, வீடியோ பார்க்க, செய்தி வாசிக்க போன் நல்ல சாமான். உட்கார்ந்து ஒன்றை உருவாக்க வேண்டிய வேலைகளுக்கு அது உதவாது. பத்துப் பக்க ஒப்படையை போனில் தட்டிப் பாருங்கள். 40 பிள்ளைகளின் புள்ளிகளை அட்டவணையில் போட்டுக் கூட்டிப் பாருங்கள்.

12 ஆம் தரத்தில் எந்தத் துறையில் படிக்கும் பிள்ளையும் தோற்றக்கூடிய பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சை இருக்கிறது. ஓ.எல்.லில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடம். இரண்டிலும் சொல் முறைப்படுத்தல், விரிதாள், முன்வைப்பு, தரவுத்தளம் என்று போகும். இதையெல்லாம் புத்தகத்தில் படத்தைப் பார்த்துப் பாடமாக்கும் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். டிக்டொக்கில் விரல் பறக்கும், ஆனால் ஒரு கோப்பை எங்கே சேமித்தோம், அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்டால் முழிப்பார்கள். பிள்ளையில் குறையில்லை. போன் கோப்புகளையும் கோப்புறைகளையும் கண்ணில் காட்டாமலே வேலையை முடித்துவிடும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிப்பதும் இணையத்தில்தான். அந்த நீண்ட படிவத்தைக் "கொமினிகேஷனில்" கொடுத்து, பக்கத்தில் நின்று, தெரியாத ஒருவரை நம்பிப் பாடநெறிகளின் விருப்ப வரிசையை நிரப்பும் பெற்றோர் எத்தனை பேர்! பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் படிவம் அது. வீட்டில் இரண்டு நாள் ஆறுதலாக இருந்து நிரப்ப வேண்டியது.

*கடைக்குப் போகுமுன் ஒரு தாள் எடுங்கள்*

வீட்டில் உள்ள எல்லோரும் கூடியிருந்து, இந்தக் கொம்பியூட்டரில் என்னென்ன வேலை நடக்கும் என்று எழுதுங்கள். எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் அந்தப் பட்டியல் அனேகமாக இப்படித்தான் வரும்:

– பிள்ளைகளின் ஒப்படை, ஸூம் வகுப்பு, கடந்தகால வினாத்தாள்
– உம்மாவின் கேக் ஓடர் அல்லது தையல் கணக்கு
– வாப்பாவின் கடைக் கணக்கு, வெளிநாட்டில் இருப்பவர்களோடு வீடியோ கோல்
– ராத்தாவின் வேலை விண்ணப்பங்கள்
– வீட்டில் ஆசிரியர் இருந்தால் பாடக்குறிப்பு, தவணைப் பரீட்சை வினாத்தாள்
– கல்யாணப் படங்களும் குழந்தைகளின் படங்களும் பத்திரமாக இருக்க ஓர் இடம்

இந்தப் பட்டியலில் எந்த வேலைக்கும் விலை கூடிய கேமிங் லெப்டொப் தேவையில்லை. உண்மையில் பாரமான வேலை செய்கிறவர், அதாவது வீடியோ எடிட் செய்பவர், கட்டட வரைபடம் கீறுபவர் வீட்டில் இருந்தால் கதை வேறு. மற்றவர்களுக்கு நடுத்தரமான ஒரு கொம்பியூட்டர் தாராளம்.

தாளில் இல்லாத ஒன்றைக் கடையில் நின்று பட்டியலில் சேர்க்காதீர்கள். அதற்காகத்தான் தாள்.

*"ராத்தா, இது ஐ7. இதுக்கு மேல ஒண்டுமில்ல"*

கடையில் முதலில் காதில் விழும் வசனம் இது. பாதி உண்மை. ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் உள்ள படிகள். தலைமுறை மாறினால் அந்தப் படிகள் ஒன்றும் சொல்லாது. ஓர் எடுத்துக்காட்டு. 2013 இல் வந்த ஐ7-4600யூ என்ற லெப்டொப் புரொசசரில் இரண்டு கோர்கள். 2017 இல் வந்த ஐ5-8250யூ இல் நான்கு கோர்கள். பழைய ஐ7ஐவிடப் புதிய ஐ5 நன்றாகவே முந்தும். ஆனால் ஸ்டிக்கரில் 7 என்ற எண்தான் பெரிதாகத் தெரியும்.

எனவே சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 4600 என்றால் நான்காம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 10210 என்றால் பத்தாம் தலைமுறை. 2023 இன் இறுதியிலிருந்து இன்டெல் பெயரிடும் முறையை மாற்றிவிட்டது. "கோர் அல்ட்ரா", "கோர் 5" என்று "ஐ" இல்லாமல் வருபவை புதியவை.

கடைக்காரத் தம்பிமார் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மையானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விற்க வந்தவர்கள், நாம் வாங்கப் போனவர்கள். கேள்வி கேட்பது நம்முடைய வேலை.

*வேகம் எங்கே இருக்கிறது?*

வீட்டுப் பாவனையில் "கொம்பியூட்டர் ஸ்லோ" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று பழைய சுழலும் ஹாட் டிஸ்க். மற்றது ரெம் குறைவு.

ஹாட் டிஸ்க்கில் தட்டொன்று சுழன்று, ஊசி போன்ற ஒரு பகுதி அங்குமிங்கும் ஓடித் தேடித்தான் எதையும் எடுத்துத் தரும். எஸ்.எஸ்.டி.யில் ஓடுகிற பகுதி எதுவும் இல்லை. அதனால் எடுப்பதும் வைப்பதும் பல மடங்கு விரைவு. ஹாட் டிஸ்க் உள்ள ஐ7ஐவிட எஸ்.எஸ்.டி. உள்ள ஐ3 வீட்டு வேலைக்கு இனிமையாக இருக்கும். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஆகக் குறைந்தது, 512 இருந்தால் நிம்மதி. "1 டி.பி. ஹாட் டிஸ்க் இருக்கு" என்று சொன்னால் அதில் மயங்காதீர்கள். படங்களை வைக்க வெளியில் ஒரு டிஸ்க் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு பொறி இருக்கிறது. மிக மலிவான புது லெப்டொப்கள் சிலவற்றில் 64 ஜி.பி. "இ.எம்.எம்.சி." என்று ஒரு சேமிப்பு வரும். அது போர்டிலேயே ஒட்டியிருக்கும், மாற்ற முடியாது. விண்டோஸும் அதன் அப்டேட்டும் வந்தாலே இடம் நிரம்பிவிடும். புதியது, பெட்டியோடு வருகிறது என்பதற்காக அதை வாங்காதீர்கள்.

ரெம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. 4 ஜி.பி.யில் விண்டோஸ் 11 ஓடும் என்று மைக்ரோசொப்ட் எழுதியிருப்பது உண்மைதான். ஸூமும் பிரவுசரும் வேர்டும் ஒன்றாகத் திறந்தால் திணறும் என்பதும் உண்மை. 16 இருந்தால் நல்லம். ஆனால் 2025 இறுதியிலிருந்து உலகம் முழுவதும் ரெம் விலை ஏறியிருக்கிறது, ஏ.ஐ. தரவு நிலையங்கள் அள்ளிக்கொண்டு போவதால். காசு இறுக்கமென்றால் இப்போது 8 ஜி.பி. எடுத்து, இன்னொரு ரெம் போட வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதையெல்லாம் கடையில் நின்று எப்படிச் சோதிப்பது? மெஷினைப் போடச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்போமன்ஸ் பகுதிக்குப் போனால் புரொசசரின் முழுப் பெயர், கோர் எத்தனை, ரெம் எவ்வளவு, டிஸ்க் எஸ்.எஸ்.டி.யா இல்லையா என்று எல்லாம் தெரியும். ரெம் செருகும் இடங்களில் எத்தனை பாவனையில் இருக்கிறது என்பதும் அங்கேயே இருக்கும். ஐந்து நிமிட வேலை. பத்தாம் வகுப்பு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவள் செய்வாள்.

*விண்டோஸ் 10 காரர்கள் கவனிக்க*

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. கொம்பியூட்டர் நின்றுவிடாது, ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் முன்புபோல் வராது. விண்டோஸ் 11 க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். ரைசன் என்றால் 4000 வரிசைக்கு மேல் எடுத்தால் யோசிக்கத் தேவையில்லை.

இப்போது சந்தையில் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் மலிவாகக் குவிவதற்கு இது ஒரு முக்கிய காரணம். வெளிநாட்டுக் கம்பனிகள் கழித்துவிடுகின்றன. சில கடைகளில் அவற்றில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐப் போட்டு "இதிலயும் 11 ஓடுது பாருங்க" என்று காட்டுகிறார்கள். ஓடும். ஆனால் அப்படிப்பட்ட மெஷின்களுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தரவில்லை. விலையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். மைக்ரோசொப்டின் "பிசி ஹெல்த் செக்" என்ற இலவச செயலியை ஓடவிட்டால் மெஷின் தகுதியானதா என்று அதுவே சொல்லிவிடும்.

வீட்டில் ஏற்கெனவே பழைய கொம்பியூட்டர் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தால், புதிது வாங்குமுன் அதைத் திறந்து பாருங்கள். ஹாட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் லிப்ரே ஒபிஸையும் நிறுவினால், எழுத்து வேலைக்கும் கணக்குக்கும் ஸூமுக்கும் அது இன்னும் சில வருடம் உழைக்கும். அப்போது புதியதே தேவைப்படாமல் போகலாம்.

"கிரெக்" போட்ட ஒபிஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பூட்டை உடைக்கும் அந்தச் சின்ன மென்பொருளோடு வைரஸும் வீட்டுக்குள் வரலாம். அதே கொம்பியூட்டரில்தான் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம். லிப்ரே ஒபிஸ் இலவசம், கூகுள் டொக்ஸ் இலவசம், வேர்டின் இணையப் பதிப்பும் இலவசம். தமிழில் தட்டுவதற்கும் விண்டோஸிலேயே விசைப்பலகை இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலிருந்தே யுனிகோட்டைப் பழக்குங்கள். பாமினியில் அடித்த வினாத்தாள் அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் என்ன கோலமாக வரும் என்று எங்கள் ஆசிரியர் சமூகத்துக்கு விளக்கத் தேவையில்லை.

*செகன்ட் ஹேன்ட் வாங்கலாமா?*

வாங்கலாம், வெட்கப்படவும் தேவையில்லை. டெல் லெட்டிடியூட், எச்.பி. எலைட்புக், லெனோவோ திங்க்பேட் போன்றவை அலுவலகங்களுக்கென்று செய்தவை. உடம்பு உறுதி, கீபோர்ட் நல்லம், திறந்து பாகம் மாற்றுவதும் பெரும்பாலும் இலகு. இதே விலைக்கு வரும் புதிய, ஆக மலிவான லெப்டொப்பைவிட எட்டாம் அல்லது பத்தாம் தலைமுறை அலுவலக மெஷின் ஒன்று கூடுதலாக உழைக்கும் என்பது எங்கள் எண்ணம்.

வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். பெட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று விண்டோஸே அறிக்கை தரும். நோட்பேடைத் திறந்து எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டுங்கள். திரையை முழு வெள்ளையாக்கிப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். திரை 1920க்கு 1080 ஆக இருக்கட்டும், பழைய 1366க்கு 768 இல் வாசித்தால் எழுத்துகள் நெருங்கி, பக்கம் பாதிதான் தெரியும். கெமரா, மைக், வைபை மூன்றையும் ஒரு வீடியோ கோல் எடுத்தே சோதிக்கலாம். பில்லும், எத்தனை மாத உத்தரவாதம் என்பதும் எழுத்தில் வேண்டும். வாய்ப்பேச்சு உத்தரவாதம் மூன்றாம் மாதம் மறந்துபோகும்.

வளைகுடாவிலிருந்து வாங்கி அனுப்புகிறவர்களுக்கு: அங்கே மலிவு என்பதால் மட்டும் எடுக்காதீர்கள். கீபோர்ட்டில் அரபு எழுத்து இருப்பது பெரிய பிரச்சினை இல்லை. உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதுதான் கேள்வி. அதைக் கடையிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

*லெப்டொப்பா, டெஸ்க்டொப்பா?*

எங்கள் சிபாரிசு பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறோம். பாடசாலைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு டெஸ்க்டொப் எடுங்கள். கம்பனிகள் கழித்த சின்ன டெஸ்க்டொப் பெட்டி, ஒரு 22 அங்குல மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், ஒரு வெப்கேம், ஒரு யூ.பி.எஸ். அனேகமாக அதே தரத்திலுள்ள லெப்டொப்பைவிடச் செலவு குறைவு. ஒரு பாகம் பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். திரை பெரிது, பிள்ளை கூனிக்கொண்டு இருக்கத் தேவையில்லை, இரண்டு பேர் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். முக்கியமாக, அதை யாரும் தூக்கிக்கொண்டு அறைக்குள் போக முடியாது.

"கரன்ட் போனால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததற்கே நாடு முழுவதும் கரன்ட் போனது. லெப்டொப்புக்குச் சொந்த பெட்டரி இருப்பது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. யூ.பி.எஸ். டெஸ்க்டொப்பை நீண்ட நேரம் தாங்காது. வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்கும் அளவுக்கு நேரம் தரும், கரன்ட் ஏறி இறங்குவதிலிருந்தும் ஓரளவு காக்கும். உங்கள் பகுதியில் அடிக்கடி கரன்ட் போகிறதென்றால், அல்லது கடன் வாங்கி ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும், பிள்ளை அடுத்த வருடமே கெம்பஸ் போகிறது என்றால், லெப்டொப்பே எடுங்கள். அப்போதும் மொனிட்டர் ஒன்றோடு ஹோலில் வைத்துப் பாவியுங்கள்.

மற்றவர்களுக்கு எங்கள் பதில்: கெம்பஸ் கிடைத்த பிறகு, பாடநெறி என்னவென்று தெரிந்த பிறகு, அதற்கேற்ற லெப்டொப்பை வாங்கலாம். கலைப்பீடத்துக்குப் போகிற பிள்ளைக்கும் பொறியியலுக்குப் போகிற பிள்ளைக்கும் தேவை ஒன்றல்ல. இரண்டு வருடம் முன்கூட்டி ஊகித்து வாங்கினால், தேவைப்படும் நேரத்தில் அது பழசாகியிருக்கும்.

*காசு*

விலை எதையும் நாங்கள் இங்கே எழுதவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐ அண்டியதைப் பார்த்தவர்கள் நாம். இன்றைய விலை அடுத்த மாதம் இருக்காது. போதாததற்கு 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். ஊரில் இரண்டு கடை, முடிந்தால் கொழும்பில் யுனிட்டி பிளாசாவிலுள்ள கடைகளின் இணைய விலை என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

காசை முழுவதும் மெஷினிலேயே கொட்டாதீர்கள். யூ.பி.எஸ்., இன்டர்நெட், ஒரு நல்ல கதிரை, படங்களைப் பிரதி எடுத்து வைக்க ஒரு வெளி டிஸ்க், இவையும் கணக்கில் வரவேண்டும். விலை கூடிய லெப்டொப்பை வாங்கிவிட்டு டேட்டா போடக் காசில்லாமல் அதில் படம் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன.

உம்மாவின் காப்பை அடகு வைத்து வாங்குவதும் நடக்கிறது. அடகு வட்டியை நம்மில் பலர் விரும்புவதில்லை, ஆனாலும் "படிப்புக்குத்தானே" என்று போய்விடுகிறோம். "வட்டியில்லாத் தவணை" என்று எழுதியிருந்தாலும், கைக்காசு விலையையும் தவணை விலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அது என்ன என்று உங்களுக்கே விளங்கும். குடும்பத்துக்குள் சீட்டுப் பிடித்து, ஆறு மாதம் பொறுத்து, நடுத்தரமான ஒன்றை வாங்கினால் காப்பு கையிலேயே இருக்கும். அந்தக் காப்பை அடகு வைக்கச் சொல்லிக் கேட்பதென்றால், வாங்கும் கொம்பியூட்டரைத் தொடும் உரிமையையாவது உம்மாவுக்குக் கொடுக்க வேண்டாமா?

*எங்கே வைப்பது, யார் பாவிப்பது*

மெஷினைத் தெரிவு செய்வதில் காட்டும் கவனத்தில் பாதியையாவது இதில் காட்டுங்கள். ஹோலில், சாப்பாட்டு மேசைப் பக்கம், எல்லோரும் போய்வரும் இடத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இணையத்தில் என்ன பார்க்கிறார்கள் என்ற கவலைக்கு எந்த மென்பொருளைவிடவும் இது நல்ல மருந்து. வீடு சிறிது, விருந்தாளி வருவார்கள் என்றால் ஒரு திரைச்சீலை போதும்.

ஆளுக்கொரு யூசர் எக்கவுன்ட் திறந்து கொடுங்கள். உம்மாவுக்கும் ஒன்று. அவரவர் கோப்பு அவரவரிடம், கடவுச்சொல்லும் அவரவரிடம். பெரிய பிள்ளைகளுக்குத் தங்கள் எழுத்தை யாரும் தோண்டாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும், அதுவும் நியாயம்தான்.

பாடசாலையில் போடுவதைப் போல ஒரு நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மஃரிபுக்கு முன் யார், இஷாவுக்குப் பின் யார், வெள்ளிக்கிழமை யார் என்று. பரீட்சை நெருங்கும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம், அது மகனாக இருந்தாலும் மகளாக இருந்தாலும். எழுதி ஒட்டியதை மீறுவது கடினம். வாயால் சொன்னால் பலமாகப் பேசுகிறவருக்குத்தான் போய்ச் சேரும்.

ஆண் பிள்ளைகளுக்கு எதிராக நாங்கள் எழுதவில்லை. அவர்களும் எங்கள் மாணவர்கள்தான். கதவை மூடிக்கொண்டு தனியாக இருக்கும் லெப்டொப் அவர்களுக்கும் நல்லது செய்யவில்லை என்பதை இரவு இரண்டு மணிவரை கேம் விளையாடிவிட்டு முதற்பாடத்தில் தூங்கும் கண்களில் காண்கிறோம். தங்கச்சிக்கு எக்செல் சொல்லிக்கொடுக்கும் காக்கா தானும் எக்செல் படிக்கிறான். கணக்கை உம்மாவுக்குத் தட்டிக்கொடுக்கும் மகளுக்கு வீட்டு வரவு செலவு விளங்குகிறது.

ஆகவே அடுத்த முறை எங்களிடம் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எது நல்லம்?" என்று கேட்குமுன் அந்தத் தாளை எழுதிக்கொண்டு வாருங்கள். தாளில் எத்தனை பேருடைய வேலை இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். ஒருவருடையது மட்டும் இருந்தால், திரும்பிப் போய் மற்றவர்களையும் கேட்டு எழுதி வாருங்கள். எல்லோருடையதும் இருந்தால், இன்ஷா அல்லாஹ், எந்தக் கொம்பியூட்டர் என்பதைச் சேர்ந்திருந்து பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம்.